கமாண்ட் போட்டு சுவிட்ச் அமைப்பது: மாங்கூழ் ஆலைக்கு ஒரு செய்முறை

மாங்கூழ் ஆலையில் நெட்வொர்க் வேலையை முடிக்க நல்ல மாதம் மார்ச். மே பிறந்து பெங்களூரா ரக மாங்காய் ஏற்றிய டிராக்டர்களும் லாரிகளும் எடைமேடையில் வரிசை கட்டிவிட்டால், கணினிகளை ஒன்றோடொன்று இணைக்கும் பெட்டியான சுவிட்சை ஐந்து நிமிடம் நிறுத்தக்கூட அனுமதி கிடைக்காது. எடைமேடைக் கணினி அலுவலக சர்வரோடு பேசாவிட்டால் எடைச்சீட்டு வராது, சீட்டு இல்லாமல் வண்டி நகராது. கிருஷ்ணகிரி, காவேரிப்பட்டணம், பர்கூர் பக்கத்து ஆலைகளில் கணினிகளைப் பார்த்துக்கொள்பவர்களுக்காக இந்தச் செய்முறை. ஓசூர் தொழிற்பேட்டைக்கும் தர்மபுரி கல்லூரி லேபுக்கும் போர்ட் எண்கள்தான் மாறும், முறை மாறாது.

இங்கே எடுத்துக்கொண்டது சிஸ்கோ கேட்டலிஸ்ட் 2960-எக்ஸ்: லேன் கேபிளிலேயே மின்சாரமும் தரும் 24 பிஓஇ போர்ட், ஃபைபருக்கான 4 எஸ்எஃப்பி போர்ட், 370 வாட் பிஓஇ. போர்ட்டின் பெயர் கிகாபிட்ஈதர்நெட் 1/0/1 என்று தொடங்கி 1/0/24 வரை போகும். எஸ்எஃப்பி 1/0/25 முதல் 1/0/28 வரை. பழைய 2960 என்றால் 0/1 என்று வரும். புதிய 9200எல் என்றால் எஸ்எஃப்பி போர்ட்டுகள் 1/1/1 முதல் 1/1/4 வரை. கமாண்டுகள் ஏறக்குறைய எல்லாம் ஒன்றே.

கமாண்டுகளை உச்சரிப்புப்படி தமிழில் எழுதியிருக்கிறோம். தட்டும்போது ஆங்கில எழுத்தில் தட்ட வேண்டும். இடையில் கோடு காட்டியிருந்தால் கோடு, இடைவெளி இருந்தால் இடைவெளி. எழுத்துக்கூட்டலில் சந்தேகம் வந்தால் முதல் இரண்டு மூன்று எழுத்தை அடித்து டேப் விசையை அழுத்துங்கள், சுவிட்சே நிரப்பிவிடும். கேள்விக்குறி போட்டால் அடுத்து என்ன வரலாம் என்ற பட்டியல் வரும். இந்த இரண்டும் கைக்கு வந்துவிட்டால் பாதிக் கமாண்டுகளை மனப்பாடம் செய்ய வேண்டியதில்லை.

முதலில் காகிதம்

கேபிளைத் தொடுமுன் போர்ட் பட்டியலை ஒரு தாளில் எழுதுங்கள். வீலேன் என்பது ஒரே சுவிட்சுக்குள் எண் கொடுத்துப் பிரித்த தனி நெட்வொர்க். இந்தச் செய்முறையில் வரும் எண்கள் இவை:

வீலேன் 10, அலுவலகம், போர்ட் 1 முதல் 8 வரை.
வீலேன் 20, எடைமேடையும் ஆய்வகமும், போர்ட் 9 முதல் 12 வரை.
வீலேன் 30, கேமரா, போர்ட் 13 முதல் 22 வரை. பதிவு செய்யும் என்விஆர் பெட்டி 22-இல்.
வீலேன் 99, சுவிட்சுகளை நிர்வகிக்க.
போர்ட் 23 காலி, 24 ரவுட்டருக்கு, 25 ஃபைபர் வழியாக எடைமேடை அறையில் உள்ள சிறிய சுவிட்சுக்கு.

என்விஆரைக் கேமரா வீலேனிலேயே வைப்பதற்குக் காரணம் உண்டு. ஒரு வீலேனிலிருந்து இன்னொரு வீலேனுக்குப் போகும் எதுவும் ரவுட்டர் வழியாகத்தான் போயாக வேண்டும். கேமராக்களின் படம் இரவு பகலாக ஓடுவது. அது ரவுட்டரில் ஏறினால் பில்லிங் மெதுவாகிவிட்டது என்ற புகார் அலுவலகத்திலிருந்து வரும்.

எடைமேடை அறைக்கு ஏன் ஃபைபர்? லேன் கேபிளுக்கு எல்லை 100 மீட்டர். பெரும்பாலான ஆலைகளில் வாசல் அதைவிடத் தள்ளியே இருக்கிறது. இன்னொரு காரணம் ஏப்ரல், மே மாதத்துக் கோடை மழையோடு வரும் இடி. இரண்டு கட்டடத்துக்கும் தனித்தனி எர்த் இருந்து, நடுவில் செம்புக் கேபிள் ஓடினால், மின்னல் விழும்போது இரு முனைப் போர்ட்டுகளும் போகும். ஃபைபரில் மின்சாரம் ஓடாது. ஆனால் வாங்குவது இரும்புக் கவசம் போட்ட ஃபைபர் என்றால், அந்த இரும்பை ரேக் வரைக்கும் கொண்டுவராமல் கட்டடத்துக்குள் நுழையும் பெட்டியிலேயே வெட்டி எர்த் செய்ய வேண்டும். இதைச் செய்யாமல் விட்டால் ஃபைபர் போட்ட பயனே இல்லை.

கன்சோல் இணைப்பு

தேவையானவை: வெளிர்நீல நிற ரோல்ஓவர் கேபிள், யுஎஸ்பி-சீரியல் மாற்றி, லேப்டாப்பில் புட்டி என்ற டெர்மினல் மென்பொருள். கேபிளின் ஆர்ஜே45 முனை சுவிட்சில் ‘கன்சோல்’ என்று எழுதிய துளைக்குத்தான் போக வேண்டும். அதே வடிவத்தில் பக்கத்தில் மேலாண்மை ஈதர்நெட் துளையும் இருக்கலாம், அதில் செருகினால் திரை கருப்பாகவே கிடக்கும்.

விண்டோஸில் டிவைஸ் மேனேஜரைத் திறந்து காம் எண்ணைப் பாருங்கள். புட்டியில் சீரியலைத் தேர்ந்தெடுத்து அந்த எண்ணையும் வேகம் 9600-ஐயும் கொடுங்கள். டேட்டா பிட் 8, பாரிட்டி இல்லை, ஸ்டாப் பிட் 1. ஃப்ளோ கன்ட்ரோலை ‘நன்’ ஆக்குங்கள். புட்டியில் இது இயல்பாக வேறாக இருக்கும், சில மாற்றிகளில் அதனால் திரையில் எழுத்து வரும், தட்டினால் எதுவும் போகாது. குப்பை எழுத்துகள் வந்தால் வேகம் தவறு. மாற்றியே தெரியவில்லை என்றால் டிரைவர் பிரச்சினை: பழைய ப்ரோலிஃபிக் சிப்பும் அதன் போலிகளும் புதிய விண்டோஸில் மஞ்சள் முக்கோணம் காட்டும். எஃப்டிடிஐ சிப் உள்ள மாற்றி ஒன்றை வாங்கிப் பையில் வைத்துக்கொள்வது நல்லது.

என்டர் இரண்டு முறை தட்டியதும் சுவிட்ச் பேசும். புதியது என்றால் ஆரம்ப அமைப்புக் கேள்விகளுக்குள் போகட்டுமா என்று கேட்கும். ‘நோ’ என்று முழுச்சொல்லாகத் தட்டுங்கள்.

பழைய சுவிட்சா? முதலில் துடையுங்கள்

பெங்களூரு எஸ்.பி. ரோட்டில் வாங்கிய பழைய கேட்டலிஸ்ட் நம் பக்கம் நிறைய ஓடுகிறது, நன்றாகவே ஓடும். ஆனால் அதனுள் முந்தைய நிறுவனத்தின் வீலேன் பட்டியல் இருக்கும். வீலேன் பட்டியலைச் சுவிட்சுகளுக்குள் பகிரும் விடிபி என்ற நெறிமுறை ஓடும் நெட்வொர்க்கில், விடிபி டொமைன் பெயர் ஒத்துப்போய், கடவுச்சொல்லும் தடுக்காமல், பழைய சுவிட்சின் ரிவிஷன் எண் கூடுதலாக இருந்தால், சுவிட்சுகளுக்கிடையே பல வீலேன்களைச் சுமக்கும் இணைப்பான ட்ரங்க்கில் செருகியதும் உங்கள் வீலேன்களை அழித்துத் தன் பட்டியலை எல்லாச் சுவிட்சுக்கும் பரப்பிவிடும். ஆகவே நெட்வொர்க்கில் செருகும் முன்பே, மேஜை மேல் வைத்து:

எனேபிள்
ரைட் இரேஸ்
டெலீட் ஃப்ளாஷ்:வீலேன்.டாட்
ரீலோட்

மூன்றாவது வரியில் கோப்பின் பெயரை (vlan.dat) உறுதிசெய்யச் சொல்லும், என்டர் மட்டும் தட்டுங்கள். வேறு பெயர் எதையும் அடிக்காதீர்கள். சுவிட்சின் இயங்குதளமான ஐஓஎஸ் கோப்பு அழிந்துவிட்டால் அடுத்த முறை சுவிட்ச் எழுந்திருக்காது. ரைட் இரேஸ் மட்டும் செய்து வீலேன் கோப்பை விட்டுவிடுவதுதான் பலர் செய்வது. வீலேன்கள் சேமிக்கப்படுவது அந்தத் தனிக்கோப்பில், அதனால் அவை அப்படியே நிற்கும். ரீலோட் சொல்லும்போது சேமிக்கட்டுமா என்று கேட்டால் ‘நோ’. எழுந்ததும் கான்ஃபிக் நிலைக்குப் போய் ‘விடிபி மோட் ட்ரான்ஸ்பரன்ட்’ போட்டுவிடுங்கள்.

எந்த நிலையில் நிற்கிறோம்

கர்சருக்கு முன்னால் உள்ள குறியைப் பார்த்தே தட்ட வேண்டும். அம்புக்குறி போன்ற அடைப்பு இருந்தால் பார்க்க மட்டும் முடியும். ‘எனேபிள்’ தட்டினால் ஹேஷ் குறி வரும், முழு அதிகாரம். ‘கான்ஃபிகர் டெர்மினல்’ தட்டினால் ஹேஷ் குறிக்கு முன் கான்ஃபிக் என்று வரும். அங்கிருந்து போர்ட்டுக்குள் போனால் கான்ஃபிக்-ஐஎஃப். ஒரு படி பின்னால் வர ‘எக்ஸிட்’, ஒரேயடியாக வெளியே வர கன்ட்ரோல்-இசட்.

பார்க்கும் கமாண்டான ‘ஷோ’ கான்ஃபிக் நிலையில் ஓடாது. முன்னால் ‘டூ’ சேர்த்தால் ஓடும்: டூ ஷோ வீலேன் பிரீஃப். தவறாகத் தட்டினால் கூரைபோல் ஒரு குறி எந்த எழுத்தின் கீழ் நிற்கிறதோ அங்கேதான் பிழை. அந்தக் குறி முதல் எழுத்தின் கீழேயே நின்றால் பெரும்பாலும் எழுத்துப்பிழை அல்ல, தவறான நிலையில் நிற்கிறீர்கள்.

இணையப் பக்கத்தில் உள்ளதுபோல் ‘அப்ளை’ பொத்தான் இங்கே கிடையாது. என்டர் தட்டிய நொடியில் அந்த வரி வேலை செய்யத் தொடங்கிவிடும், ஆனால் சேமிக்கும் வரை அது நினைவகத்தில் மட்டும் இருக்கும். இந்தச் செய்முறை முழுவதும் இதன்மேல்தான் நிற்கிறது: ஒரு வரி போடு, ஷோ போட்டுப் பார், எல்லாம் சரி என்ற பிறகே சேமி.

அடிப்படை வரிகள்

கான்ஃபிகர் டெர்மினல்
ஹோஸ்ட்நேம் ஆஃபிஸ்-எஸ்டபிள்யூ1
நோ ஐபி டொமைன்-லுக்அப்
எனேபிள் சீக்ரெட் (உங்கள் கடவுச்சொல்)
யூசர்நேம் நிர்வாகி ப்ரிவிலேஜ் 15 சீக்ரெட் (வேறொரு கடவுச்சொல்)
லைன் கன்சோல் 0
லாகிங் சிங்க்ரனஸ்
லாகின் லோக்கல்

யூசர்நேம் வரியில் ‘நிர்வாகி’ என்ற இடத்தில் உங்கள் பயனர் பெயரை ஆங்கில எழுத்தில் கொடுங்கள். மூன்றாவது வரி இல்லாவிட்டால், ஹேஷ் நிலையில் ஒரு கமாண்டைத் தவறாக அடிக்கும்போதெல்லாம் சுவிட்ச் அதை ஒரு இணையப் பெயர் என்று நினைத்துத் தேடிக்கொண்டு நிற்கும். அப்படி நின்றால் கன்ட்ரோல், ஷிஃப்ட், 6 மூன்றையும் சேர்த்து அழுத்துங்கள். லாகிங் சிங்க்ரனஸ் போட்டால் நீங்கள் தட்டும் வரியின் நடுவே சுவிட்சின் அறிவிப்பு குறுக்கிடாது. யூசர்நேம் வரிக்கு முன்னால் லாகின் லோக்கல் போட்டால் வெளியே வந்த பிறகு உள்ளே போக முடியாது. வரிசை முக்கியம்.

‘எனேபிள் பாஸ்வேர்ட்’ என்ற பழைய கமாண்டைத் தொடவே வேண்டாம். அது கடவுச்சொல்லை அப்படியே வைக்கும். ‘சர்வீஸ் பாஸ்வேர்ட்-என்க்ரிப்ஷன்’ போட்டாலும் வரும் 7-ஆம் வகை மறைப்பை யாரும் சில நொடியில் திருப்பிவிடலாம். ‘சீக்ரெட்’ என்று முடியும் கமாண்டுதான் உண்மையான பாதுகாப்பு.

நேரத்தையும் இப்போதே சரிசெய்யுங்கள். 2960 வகையில் கடிகாரத்துக்கு பேட்டரி கிடையாது, மின்சாரம் போய் வந்தால் 1993 மார்ச் 1-க்குப் போய்விடும். இரவு 2 மணிக்கு எடைமேடை ஏன் நின்றது என்று மறுநாள் லாகைப் பார்க்கும்போது தேதி 1993 என்றால் எதற்கும் உதவாது. ‘க்ளாக் டைம்சோன் ஐஎஸ்டி 5 30’, பிறகு ரவுட்டரின் முகவரியைக் கொடுத்து ‘என்டிபி சர்வர் 192.168.99.1’, பிறகு ‘சர்வீஸ் டைம்ஸ்டாம்ப்ஸ் லாக் டேட்டைம் லோக்கல்டைம்’. ரவுட்டர் நேரம் தரும் வகையாக இருக்க வேண்டும். ‘ஷோ என்டிபி ஸ்டேட்டஸ்’ போட்டால் ஒத்திசைந்ததா என்று தெரியும்.

வீலேனும் போர்ட்டும்

வீலேன் 10
நேம் ஆஃபிஸ்
வீலேன் 20
நேம் எடை
வீலேன் 30
நேம் கேமரா
வீலேன் 99
நேம் மேனேஜ்
வீலேன் 999
நேம் காலி

1 முதல் 4094 வரை எந்த எண்ணும் வைக்கலாம். 1002 முதல் 1005 வரை மட்டும் பழைய நெறிமுறைகளுக்கு ஒதுக்கியவை. அடுத்து அலுவலகப் போர்ட்டுகள்:

இன்டர்ஃபேஸ் ரேஞ்ச் கிகாபிட்ஈதர்நெட் 1/0/1 - 8
சுவிட்ச்போர்ட் மோட் ஆக்சஸ்
சுவிட்ச்போர்ட் ஆக்சஸ் வீலேன் 10
ஸ்பானிங்-ட்ரீ போர்ட்ஃபாஸ்ட்
ஸ்பானிங்-ட்ரீ பிபிடியூகார்ட் எனேபிள்

முதல் வரியில் கோட்டுக்கு முன்னும் பின்னும் இடைவெளி விடுங்கள், அந்த இடைவெளி இல்லாமல் பழைய ஐஓஎஸ் ஏற்காது. இதையே 9 முதல் 12 வரை வீலேன் 20-க்கும், 13 முதல் 22 வரை வீலேன் 30-க்கும் செய்யுங்கள். காலியான 23-ஐ வீலேன் 999-இல் போட்டு ‘ஷட்டவுன்’.

நெட்வொர்க்கில் சுழல் உருவாகாமல் தடுப்பது ஸ்பானிங்-ட்ரீ. போர்ட்ஃபாஸ்ட் இல்லாவிட்டால் அதற்காகக் கணினியைச் செருகியதும் போர்ட் 15 நொடி கேட்டு, 15 நொடி கற்று, மொத்தம் 30 நொடிக்குப் பிறகே திறக்கும். அதற்குள் கணினி ஐபி கேட்டுச் சலித்து 169.254 என்று தொடங்கும் முகவரியைத் தானே வைத்துக்கொள்ளும். காலையில் கணினி போட்டதும் நெட் வரவில்லை, கேபிளைக் கழற்றிப் போட்டால் வருகிறது என்ற புகாருக்குப் பெரும்பாலும் இதுதான் காரணம்.

பிபிடியூகார்ட் அதன் துணை. மேஜைக்கடியில் யாரோ வைத்த 5 போர்ட் சாதாரண சுவிட்சில் ஒரே கேபிளின் இரு முனையையும் செருகிவிடுவது சர்வ சாதாரணம். அப்போது நம் சுவிட்ச் அனுப்பிய பிபிடியூ என்ற ஸ்பானிங்-ட்ரீ தகவல் அதே போர்ட்டில் திரும்பி வரும், கார்ட் அந்தப் போர்ட்டை உடனே அடைத்துவிடும். ஒரு மேஜை நிற்கும், ஆலை ஓடும். அடைபட்டது தானே திறக்க வேண்டும் என்றால் ‘எர்ர்டிசேபிள் ரெகவரி காஸ் பிபிடியூகார்ட்’ போடுங்கள், 300 நொடிக்கு ஒருமுறை முயன்று பார்க்கும்.

இப்போது ‘டூ ஷோ வீலேன் பிரீஃப்’. ஒவ்வொரு போர்ட்டும் தாளில் எழுதிய வீலேனில் நிற்கிறதா என்று விரலை வைத்துப் பாருங்கள். பின்னால் ஒரு வீலேனை நீக்கினால் அதிலிருந்த போர்ட்டுகள் தானாக 1-க்குத் திரும்பாது. இந்தப் பட்டியலிலிருந்தே மறைந்து செயலற்றுக் கிடக்கும். போர்ட்டைக் காணோம் என்றால் முதலில் அதைச் சந்தேகியுங்கள்.

ட்ரங்க்

ரவுட்டருக்குப் போகும் 24-உம் எடைமேடைக்குப் போகும் 25-உம் எல்லா வீலேனையும் சுமக்க வேண்டும்:

இன்டர்ஃபேஸ் ரேஞ்ச் கிகாபிட்ஈதர்நெட் 1/0/24 - 25
சுவிட்ச்போர்ட் மோட் ட்ரங்க்
சுவிட்ச்போர்ட் ட்ரங்க் நேட்டிவ் வீலேன் 999
சுவிட்ச்போர்ட் ட்ரங்க் அலவ்ட் வீலேன் 10,20,30,99
சுவிட்ச்போர்ட் நோநெகோஷியேட்

3560, 3750 வகைகளில் இரண்டாவது வரிக்கு முன் ‘சுவிட்ச்போர்ட் ட்ரங்க் என்கேப்சுலேஷன் டாட்1கியூ’ கேட்கும். 2960-இல் அந்தக் கமாண்டே இல்லை, இல்லை என்று வந்தால் பயப்பட வேண்டாம். இரு முனையையும் தானே பேசி முடிவெடுக்கட்டும் என்று விட்டால், இரண்டும் இயல்பான ‘டைனமிக் ஆட்டோ’வில் இருக்கும்போது ட்ரங்க் உருவாகவே உருவாகாது. கையால் ட்ரங்க் என்று சொல்லிவிடுவதே சரி.

சுவிட்ச் வேலையில் ஆலையையே நிறுத்தும் பிழை எது என்றால் நான்காவது வரிதான். ஆறு மாதம் கழித்து வீலேன் 40 ஒன்றைச் சேர்க்கிறீர்கள். ‘சுவிட்ச்போர்ட் ட்ரங்க் அலவ்ட் வீலேன் 40’ என்று தட்டினால் 40 சேராது: பழைய பட்டியல் போய் 40 மட்டும் நிற்கும். எடைமேடை, கேமரா, நீங்கள் தொலைவிலிருந்து நுழைந்த 99 எல்லாம் அந்த நொடியில் அறுந்துபோகும். சேர்க்க ‘அலவ்ட் வீலேன் ஆட் 40’, நீக்க ‘அலவ்ட் வீலேன் ரிமூவ் 40’. ‘ஆட்’ என்ற அந்தச் சொல்லைப் போர்ட் பட்டியல் தாளிலேயே சிவப்பில் எழுதி ரேக்கில் ஒட்டிவையுங்கள்.

ட்ரங்க்கில் எண் குறி இல்லாமல் வரும் தகவல் சேரும் நேட்டிவ் வீலேன் இரு முனையிலும் ஒன்றாக இருக்க வேண்டும். வேறாக இருந்தால், சிஸ்கோ பெட்டிகள் ஒன்றையொன்று அறிந்துகொள்ளும் சிடிபி வழியாக ‘நேட்டிவ் வீலேன் மிஸ்மேட்ச்’ என்று நிமிடத்துக்கொரு எச்சரிக்கை வரும். ‘ஷோ இன்டர்ஃபேஸ் ட்ரங்க்’ போட்டு கடைசிப் பகுதியில் நான்கு வீலேனும் கடத்தப்படுகின்றனவா என்று பாருங்கள். அனுமதித்த வீலேன்களைக் காட்டும் இரண்டாம் பகுதியில் இருந்து கடைசியில் இல்லை என்றால் அந்த வீலேனை இந்தச் சுவிட்சில் இன்னும் உருவாக்கவில்லை, அல்லது ஸ்பானிங்-ட்ரீ அடைத்திருக்கிறது.

ஃபைபர் எஸ்எஃப்பியில் இரு முனையும் ஒரே வகை: ஒருபக்கம் 10 கிலோமீட்டர் எல்எக்ஸ் என்றால் மறுபக்கமும் எல்எக்ஸ், கேபிள் சிங்கிள்மோட். ஒற்றை இழை பிடி வகையில் மட்டும் எதிரெதிர் ஜோடி: ஒன்று 1310-இல் அனுப்பி 1490-இல் வாங்கும், மற்றது தலைகீழ். ஒரே மாதிரி இரண்டை வாங்கிவந்து விளக்கு எரியாமல் நிற்பவர்கள் நிறைய.

நிர்வாக முகவரியும் எஸ்எஸ்எச்சும்

இன்டர்ஃபேஸ் வீலேன் 99
ஐபி அட்ரஸ் 192.168.99.2 255.255.255.0
நோ ஷட்டவுன்
எக்ஸிட்
ஐபி டிஃபால்ட்-கேட்வே 192.168.99.1
ஐபி டொமைன்-நேம் ஆலை.லோக்கல்
கிரிப்டோ கீ ஜெனரேட் ஆர்எஸ்ஏ மாடுலஸ் 2048
ஐபி எஸ்எஸ்எச் வெர்ஷன் 2
லைன் விடிஒய் 0 15
லாகின் லோக்கல்
ட்ரான்ஸ்போர்ட் இன்புட் எஸ்எஸ்எச்

முகவரி கொடுத்தும் வீலேன் 99 ‘டவுன்’ என்றே காட்டினால், அந்த வீலேனைச் சுமக்கும் ஒரு போர்ட்டாவது உயிரோடு இருக்கிறதா என்று பாருங்கள்; எதுவும் இல்லாவிட்டால் அது எழாது. ‘ஐபி ரவுட்டிங்’ போட்ட சுவிட்சில் டிஃபால்ட்-கேட்வே வரி கண்டுகொள்ளப்படாது, அங்கே ‘ஐபி ரூட் 0.0.0.0 0.0.0.0 192.168.99.1’ வேண்டும். கிரிப்டோ கமாண்டே இல்லை என்று வந்தால் ‘ஷோ வெர்ஷன்’ பாருங்கள். கோப்பின் பெயரில் கே9 இல்லாத பழைய ஐஓஎஸ் எஸ்எஸ்எச் தெரியாதது.

கன்சோல் ஜன்னலை மூடாதீர்கள். இன்னொரு புட்டி ஜன்னலைத் திறந்து தொலைவிலிருந்து பாதுகாப்பாக நுழையும் முறையான எஸ்எஸ்எச் வழியாக 192.168.99.2-க்குப் போய், கடவுச்சொல் வேலை செய்கிறது என்று கண்ணால் பார்த்தபிறகே பழையதை மூடலாம்.

யார் தலைமை, யார் ஐபி தருவது

சுவிட்சுகள் ஒன்றுக்கு மேல் இருந்தால் ஸ்பானிங்-ட்ரீயின் தலைமை யாருக்கு என்பதை நீங்கள் சொல்லாவிட்டால் மிகச் சிறிய மேக் எண் (வன்பொருள் முகவரி) உள்ள சுவிட்ச் எடுத்துக்கொள்ளும், அது பெரும்பாலும் மூலையில் கிடக்கும் மிகப் பழைய பெட்டி. அலுவலகச் சுவிட்சில் ‘ஸ்பானிங்-ட்ரீ மோட் ரேபிட்-பிவிஎஸ்டி’, ‘ஸ்பானிங்-ட்ரீ வீலேன் 10,20,30,99 ப்ரையாரிட்டி 4096’. இயல்பு மதிப்பு 32768, சிறிய எண் ஜெயிக்கும், 4096-இன் மடங்கு மட்டுமே ஏற்கும்.

அடுத்த தொல்லை, வீட்டு வைஃபை ரவுட்டரைக் கொண்டுவந்து அதன் லேன் துளையில் அலுவலகக் கேபிளைச் செருகுவது. அது தன் பங்குக்கு 192.168.0 அல்லது 192.168.1 என்று ஐபி வழங்கத் தொடங்கும், பாதிக் கணினிகள் சர்வரை இழக்கும். இதற்கு ‘ஐபி டிஹெச்சிபி ஸ்னூப்பிங்’, ‘ஐபி டிஹெச்சிபி ஸ்னூப்பிங் வீலேன் 10,20,30’ போட்டு, உண்மையான ரவுட்டர் இருக்கும் 24-க்குள் போய் ‘ஐபி டிஹெச்சிபி ஸ்னூப்பிங் ட்ரஸ்ட்’. ட்ரஸ்ட் வரியை முதலில் போடுங்கள், மறந்தால் யாருக்கும் ஐபி வராது. ட்ரஸ்ட் போட்டும் வரவில்லை என்றால், சுவிட்ச் கோரிக்கையில் சேர்க்கும் ஆப்ஷன் 82-ஐ ரவுட்டர் ஏற்கவில்லை. ‘நோ ஐபி டிஹெச்சிபி ஸ்னூப்பிங் இன்ஃபர்மேஷன் ஆப்ஷன்’ போட்டால் சரியாகும். எடைமேடைச் சுவிட்சில் ஸ்னூப்பிங் வைத்தால் அங்கே ட்ரஸ்ட் ஆவது அலுவலகம் நோக்கிய ஃபைபர் போர்ட்.

கேமராவின் மின்சாரம்

சாதாரண பிஓஇ போர்ட் ஒன்று 15.4 வாட் வரை தரும், கேபிளில் போனது போக 12.95 வாட் கேமராவுக்குச் சேரும். 24 போர்ட்டுக்கும் 15.4 என்றால் 369.6, அதனால்தான் 370 வாட் என்ற கணக்கு. சுழலும் கேமரா, வைஃபை பெட்டி போன்ற 30 வாட் வகை என்றால் 12-தான் தாங்கும். ‘ஷோ பவர் இன்லைன்’ மிச்சம் எவ்வளவு என்று காட்டும். கம்பத்தில் உள்ள கேமரா உறைந்து நின்றால் ஏணி தேவையில்லை: அந்தப் போர்ட்டில் ‘பவர் இன்லைன் நெவர்’, பத்து நொடி கழித்து ‘பவர் இன்லைன் ஆட்டோ’.

தொலைவிலிருந்து மாற்றும்போது

ஓசூரில் உட்கார்ந்து காவேரிப்பட்டணத்துச் சுவிட்சில் ட்ரங்க்கையோ வீலேன் 99-ஐயோ மாற்றப் போகிறீர்கள் என்றால், முதலில் ஹேஷ் நிலையில் ‘ரீலோட் இன் 10’. பத்து நிமிடத்தில் சுவிட்ச் மறுதொடக்கம் ஆகும். தவறாக ஏதாவது செய்து வெளியே தள்ளப்பட்டால், அது சேமித்த பழைய அமைப்போடு எழுந்துவரும், நீங்கள் மறுபடி நுழையலாம். எல்லாம் சரி என்றால் ‘ரீலோட் கேன்சல்’ போட்டு, அதன் பிறகே சேமியுங்கள். நடுவில் சேமித்தால் இந்தக் காப்பு போய்விடும். கேன்சலை மறந்தால் சரியான வேலைக்குப் பிறகும் ஆலை சில நிமிடம் இருட்டில் நிற்கும்.

சேமிப்பு

காப்பி ரன்னிங்-கான்ஃபிக் ஸ்டார்ட்அப்-கான்ஃபிக்

கோப்பின் பெயர் கேட்கும், என்டர். ‘ரைட் மெமரி’யும் இதையே செய்யும். எழுதும் நேரத்தில் மின்சாரம் போகக்கூடாது, சுவிட்ச் யுபிஎஸ்ஸில் இருக்கட்டும். சுவிட்சுக்கு வெளியேயும் ஒரு பிரதி வேண்டும்: புட்டியில் லாகிங்கைக் கோப்புக்குத் திருப்பி, ‘டெர்மினல் லெங்த் 0’, பிறகு ‘ஷோ ரன்னிங்-கான்ஃபிக்’. முழுதும் நிற்காமல் ஓடிக் கோப்பில் விழும். கோப்பின் பெயரில் தேதி சேருங்கள். அந்தப் பிரதியைப் புதுச் சுவிட்சில் கன்சோல் வழியாக ஒட்டும்போது பத்து பத்து வரியாக ஒட்டுங்கள். 9600 வேகத்தில் முழுதும் கொட்டினால் நடுவில் எழுத்துகள் உதிர்ந்து பாதிப் போர்ட்டுகள் தவறாக நிற்கும். வீலேன் எண்கள் இந்தக் கோப்பில் வருகின்றனவா என்றும் பாருங்கள், விடிபி ட்ரான்ஸ்பரன்ட்டில் இருந்தால்தான் வரும்.

கோளாறு தேடும்போது

முதல் கமாண்ட் ‘ஷோ இன்டர்ஃபேஸஸ் ஸ்டேட்டஸ்’. ஒரே திரையில் எந்தப் போர்ட் இணைந்திருக்கிறது, எது இல்லை, எது ‘எர்ர்-டிசேபிள்ட்’ என்று தெரியும். அடைபட்டதற்குக் காரணம் ‘ஷோ இன்டர்ஃபேஸஸ் ஸ்டேட்டஸ் எர்ர்-டிசேபிள்ட்’ சொல்லும். காரணத்தை நீக்கிவிட்டு ‘ஷட்டவுன்’, ‘நோ ஷட்டவுன்’. காரணத்தை நீக்காமல் திறந்தால் உடனே மறுபடி அடைபடும்.

மெதுவாக இருக்கிறது என்றால் அந்தப் போர்ட்டுக்கு ‘ஷோ இன்டர்ஃபேஸஸ்’ போட்டு பழுதாகி வந்த தகவல்களைக் கணக்கிடும் சிஆர்சி எண்ணைப் பாருங்கள். ‘க்ளியர் கவுன்டர்ஸ்’ போட்டு அரைமணி கழித்து மறுபடி பாருங்கள். சிஆர்சி ஏறிக்கொண்டே இருந்தால் கேபிள், கிரிம்ப், அல்லது ஈரம். கூழ் ஆலையில் தரை கழுவும் தண்ணீரும் ஆவியும் சுவர்ப் பெட்டிக்குள் போய் ஆர்ஜே45 பின்களில் பச்சை பிடிக்கும். முனையை வெட்டி மறுபடி கிரிம்ப் செய்வதே தீர்வு. ‘லேட் கொலிஷன்’ ஏறினால் டூப்ளெக்ஸ் (ஒரே நேரத்தில் அனுப்பவும் வாங்கவும் முடியுமா என்ற அமைப்பு) பொருந்தவில்லை. ஒருபக்கம் 100 ஃபுல் என்று கட்டிவைத்து மறுபக்கம் ஆட்டோவில் இருந்தால், ஆட்டோ பக்கம் பாதி டூப்ளெக்ஸுக்கு விழும். எடைமேடையில் உள்ள பழைய சீரியல்-ஈதர்நெட் பெட்டிகளில் இது அடிக்கடி வரும். இருபக்கமும் ஆட்டோ, அல்லது இருபக்கமும் ஒரே கட்டு.

யாருடைய கணினி எந்தப் போர்ட்டில் என்று தெரியாவிட்டால், அந்தக் கணினியின் மேக் எண்ணோடு ‘ஷோ மேக் அட்ரஸ்-டேபிள் அட்ரஸ்’ போடுங்கள். போர்ட் 25 என்று வந்தால் அது எடைமேடைப் பக்கம், அங்குள்ள சுவிட்சில் நுழைந்து அதே கேள்வியைக் கேளுங்கள். மேக் எண் இரண்டு போர்ட்டுகளுக்கு நடுவே தாவுகிறது என்று லாகில் வந்தால் எங்கோ சுழல் இருக்கிறது.

கடவுச்சொல் தொலைந்த 2960-எக்ஸ் என்றால்: மின்சாரத்தை நிறுத்தி, முன்பக்க மோட் பொத்தானை அழுத்திப் பிடித்தபடி மின்சாரம் கொடுங்கள். ‘சுவிட்ச்:’ என்ற குறி வந்ததும் பொத்தானை விடலாம். ‘ஃப்ளாஷ்_இனிட்’, பிறகு ‘ரீனேம் ஃப்ளாஷ்:கான்ஃபிக்.டெக்ஸ்ட் ஃப்ளாஷ்:கான்ஃபிக்.ஓல்ட்’, பிறகு ‘பூட்’. எழுந்ததும் ஆரம்பக் கேள்விக்கு ‘நோ’, ‘எனேபிள்’, கோப்பின் பெயரைத் திரும்ப மாற்றி, ‘காப்பி ஃப்ளாஷ்:கான்ஃபிக்.டெக்ஸ்ட் சிஸ்டம்:ரன்னிங்-கான்ஃபிக்’. பழைய அமைப்பு முழுதும் திரும்பும், நீங்கள் ஹேஷ் நிலைக்குள்ளேயே இருப்பீர்கள். புதிய சீக்ரெட் போட்டு, யூசர்நேம் வரியையும் மாற்றி, சேமித்துவிட்டு வெளியே வாருங்கள். இதற்கு ஒரு கன்சோல் கேபிளும் சில நிமிடமும் போதும் என்பதால், ரேக்கின் கதவுக்குப் பூட்டு கட்டாயம் வேண்டும்.